வீடியோ கேம் விமர்சகர்கள் விலைபோனவர்களா?

பெரிய கேம் எது வெளிவந்தாலும் கூடவே ஒரு பேச்சும் வந்துவிடுகிறது. "ரிவ்யூ எழுதுறவன் எல்லாம் கம்பெனிகிட்ட காசு வாங்கினவன், விளையாடுறவங்க போடுற ஸ்கோரைப் பாரு, அதுதான் உண்மை." யூடியூப் சேனல்களிலும் நண்பர்கள் வட்டத்திலும் இதை இப்போது யாரும் விவாதிப்பதுகூட இல்லை, எல்லோரும் ஒப்புக்கொண்ட தீர்ப்பாகவே ஆகிவிட்டது. பிளேஸ்டேஷன் 5-க்காக சோனியே வெளியிடும் பெரிய கேம் இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு விற்கிறது. அவ்வளவு காசைப் போடுவதற்கு முன் யாருடைய சொல்லைக் கேட்பது என்பது சின்னக் கேள்வி அல்ல. அதனால்தான் இந்தத் தீர்ப்பை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. இது தவறான ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

காசு வாங்கினார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2007 நவம்பரில் நடந்தது. கேம்ஸ்பாட் என்ற கேம் இணையதளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் 'கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்' கேமுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். அந்த நேரத்தில் கேம்ஸ்பாட்டின் முகப்பு முழுக்க அதே கேமின் விளம்பரம். அந்த மாதமே அவருடைய வேலை போயிற்று. விளம்பரம் கொடுத்தவர்களின் அதிருப்தி அதற்குப் பின்னால் இருந்ததை 2012-ல் அவரே வெளிப்படையாகப் பேசினார். சரி, இது எதைக் காட்டுகிறது? விளம்பரதாரர் நெருக்கினார், நிர்வாகம் பணிந்தது, விமர்சகர் பணியவில்லை. அவரோடு வேலை பார்த்த பலர் அடுத்தடுத்து விலகினார்கள். சிலர் அவருடன் சேர்ந்து ஜயன்ட் பாம்ப் என்ற கேம் தளத்தை நடத்தினார்கள். சம்பளத்தை இழந்தாலும் ஆறு என்று எழுதியதை மாற்றாத ஒருவரின் கதையை, விமர்சகர்கள் விலைபோனவர்கள் என்பதற்குச் சான்றாக எப்படிக் காட்ட முடிகிறது?

காசுக்கு விமர்சனம் கிடைக்கும் என்றால் மைக்ரோசாஃப்டை விட யாரிடம் காசு இருக்கிறது? கேம் உருவாக்கும் பெதெஸ்டாவின் தாய் நிறுவனத்தை அது 750 கோடி டாலர் கொடுத்து வாங்கிய பிறகு, 2023-ல் பெதெஸ்டாவின் 'ஸ்டார்ஃபீல்ட்' வெளியானது. ஐஜிஎன் தளம் கொடுத்தது ஏழு. கேம்ஸ்பாட் கொடுத்ததும் ஏழு. அன்றைக்கு ரசிகர்கள் அந்த விமர்சகர்களைத்தான் திட்டித் தீர்த்தார்கள். சில மாதங்கள் கழித்து, பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் விளையாடியவர்களின் கருத்தே கலவையாகிப்போனது. சோனி பெரும் பணம் கொட்டிய 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்தது. விமர்சகர்கள் சுமார் என்றார்கள். செப்டம்பர் 6-ல் அதன் சர்வர்களை மூடிவிட்டார்கள்.

உண்மையான நெருக்கடி பணத்தில் இல்லை. எந்தப் பதிப்பை, எப்போது, எந்த நிபந்தனையோடு விமர்சகர் கையில் கொடுப்பது என்பதில்தான் இருக்கிறது. 'சைபர்பங்க் 2077' இதற்குப் பாடப்புத்தகம். 2020 டிசம்பர் 10 அன்று வெளியீடு. விமர்சனங்கள் 7-ஆம் தேதியே வந்துவிட்டன. விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகளை யார் கண்ணிலும் காட்டவில்லை. வீடியோ விமர்சனத்தில் தாங்கள் பதிவு செய்த காட்சிகளையும் அப்போது போடக்கூடாது. கேமை உருவாக்கிய சிடி புரொஜெக்ட் கொடுத்த காட்சிகளைத்தான் போடலாம். விமர்சனங்களின் சராசரி ஸ்கோர் நூற்றுக்கு 90-ஐ ஒட்டி நின்றது. பழைய கன்சோலில் வாங்கியவர்கள் திறந்து பார்த்தால், முகங்கள் மங்கிக் கிடந்தன, கேம் பாதியில் நின்று நின்று போயிற்று. டிசம்பர் 18 அன்று சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. மறுபடி விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில்.

இதில் விமர்சகர்களின் குறையும் உண்டு. பிசி பதிப்பை மட்டுமே பார்த்தோம் என்பதைப் பலர் எழுதியிருந்தார்கள். ஆனால் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டிய செய்தி அது. அதைக் கட்டுரையின் நடுவே ஒரு வரியாகச் செருகியது தவறுதான். இருந்தாலும் அதே வாரத்தில் வேறு இரண்டு விஷயங்கள் நடந்தன. இன்று அவற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

முதலாவது: கேம்ஸ்பாட்டின் விமர்சகர் ஏழு கொடுத்தார். கோளாறுகள் மலிந்திருக்கின்றன, கேம் நடக்கும் நகரம் பார்க்கத்தான் பெரிது, உள்ளே ஆழமில்லை என்று எழுதினார். அவர் ஒரு பெண். கேம் இன்னும் யார் கைக்கும் வராத நிலையில், ரசிகர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். விளையாடிப் பார்க்காதவர்கள், விளையாடிப் பார்த்தவரை அறியாதவர் என்றார்கள். அதே கூட்டத்திலிருந்துதான் அடுத்த வாரமே ரீஃபண்ட் கோரிக்கைகளும் வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது: கேம் இன்ஃபார்மர் இதழில் எழுதிய இன்னொரு பெண் விமர்சகருக்கு வலிப்பு நோய் உண்டு. கேமில் 'பிரெயின்டான்ஸ்' என்று ஒரு பகுதி வருகிறது. பாத்திரத்தின் தலையில் ஒரு கருவியை மாட்டியதும் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் படபடவென்று மின்னும். வலிப்பைத் தூண்டிப் பார்க்க நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கருவியைப் போலவே அது இருக்கிறது என்று அவர் எழுதினார். விளையாடும்போது அவருக்கே வலிப்பு வந்திருக்கிறது. எந்தெந்த இடங்களில் கவனம் வேண்டும் என்று பட்டியலிட்டு, கேம் வெளிவருவதற்கு முன்பே எச்சரித்தார். நிறுவனம் எச்சரிக்கை வாசகத்தைச் சேர்த்தது, பிறகு அந்தக் காட்சியையே மாற்றியது. அவருக்குக் கிடைத்த நன்றி என்ன தெரியுமா? மின்னும் ஒளி வீடியோக்களைச் சிலர் வேண்டுமென்றே அவருக்கு அனுப்பினார்கள். விமர்சகர்களால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள், வலிப்பு நோயுள்ள ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது, விளையாடுபவர்களின் ஸ்கோரே உண்மை என்ற வாதம். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' 2020 ஜூன் 19 அன்று வந்தது. முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியான முதல் நாளிலேயே, ஸ்கோர்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் பூச்சியம் போட்டுவிட்டார்கள். கதை ஏப்ரலிலேயே கசிந்திருந்தது. கசிந்ததை வைத்துக் கோபப்பட்டவர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பதிலடியாகப் பத்துக்குப் பத்து போட்டவர்களும் அதே அளவுக்குக் கேமை முடிக்காதவர்கள்தான். இந்தக் கூத்தைப் பார்த்த மெட்டாக்ரிட்டிக், 2020 ஜூலையில், வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் ஸ்கோர் போடலாம் என்று விதியை மாற்றியது. அந்த கேமில் குறை இல்லையா? உண்டு. பழிவாங்கும் கதையைப் பாதியில் புரட்டிப்போட்டு, நாம் வெறுக்கும் பெண்ணின் கட்டுப்பாட்டை நம் கையில் கொடுக்கிறது. அந்த உத்தி சிலருக்குப் பிடிக்கவில்லை, நீளமும் அதிகம். இதையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னவர்கள் பூச்சியம் போட்டவர்கள் அல்லர். முடித்துவிட்டு எழுதிய விமர்சகர்களில் சிலர்.

இதற்கு 'ஹெல்டைவர்ஸ் 2'-ஐ எதிருதாரணமாகச் சொல்வார்கள். சொல்லட்டும், அது நியாயமான உதாரணம்தான். 2024 மே மாதம், பிசியில் விளையாடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்றது சோனி. அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகள் நூற்றுக்கும் மேல். இலங்கையும் அவற்றில் ஒன்று. ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர்க்கருத்துகள் குவிந்தன; சில நாட்களில் சோனி பின்வாங்கியது. வாங்கியவர்கள் ஒன்றுதிரண்டு வென்ற போராட்டம் அது, அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த இரண்டு லட்சம் குரல்கள் சொன்னது கணக்கு விவகாரத்தைப் பற்றி. அந்த கேமில் சண்டை எப்படி, வரைபடங்கள் எப்படி, தனியாளாக விளையாடினால் சலிக்குமா என்று தெரிந்துகொள்ள வந்தவனுக்கு அங்கே பதில் இல்லை. போராட்டத்தின் வேலை வேறு, விமர்சனத்தின் வேலை வேறு.

ஸ்ட்ரீமர்கள் இருக்கும்போது விமர்சகர் எதற்கு என்பது இன்னொரு வாதம். 2024 ஆகஸ்டில் வந்த 'பிளாக் மித்: வூகாங்' சீனத்தின் பெரும் வெற்றி, மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. வெளியீட்டுக்கு முன் இலவசப் பிரதி பெற்ற ஸ்ட்ரீமர்கள் சிலருக்கு ஒரு பட்டியலும் வந்தது: அரசியல் பேசாதே, பெண்ணியம் பேசாதே, கோவிட் பற்றிப் பேசாதே. அந்தப் பட்டியல் வெளியே தெரிந்தது, அதைப் பெற்றவர்களில் சிலர் ஒத்துக்கொள்ளாமல் அம்பலப்படுத்தியதால்தான். அவர்கள் நேர்மையானவர்கள். மற்றபடி, ஆசிரியர் குழுவோ எழுதப்பட்ட விதிகளோ இல்லாமல் தனியாளாக நிற்கும் ஒருவருக்கு, அடுத்த இலவசப் பிரதி வராது என்ற பயம் ஒரு பத்திரிகைக்கு இருப்பதை விட அதிகமாகவே இருக்கும்.

விற்பனையே தீர்ப்பு என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2024-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்' எல்லோரும் கொண்டாடிய கேம், எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்று அதை உருவாக்கிய குழுவையே கலைத்துவிட்டார்கள். அதனால் அது மோசமான கேம் ஆகிவிடாது.

ஸ்கோர்கள் ஏழிலிருந்து பத்துக்குள்ளேயே சுற்றுகின்றன என்ற குறையை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். ஒரு எண்ணுக்குள் ஒரு கேமை அடைப்பது கெடுதல்தான். 2010-ல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' உருவாக்கிய அப்சிடியன் ஸ்டுடியோவுக்கு, மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் போயிற்று. இன்று பலர் தலைசிறந்த கேம்களில் ஒன்றாகக் கருதுவது அதை. ஆனால் எண் கெட்டது என்றால் எண்ணை ஒதுக்கிவிட்டுக் கட்டுரையைப் படிக்க வேண்டும். அதைச் செய்யாமல், விமர்சகரின் எண்ணை எறிந்துவிட்டுக் கூட்டத்தின் எண்ணை எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

கடைசியாக, எனக்கு மிகவும் நெருக்கமான இடம். "கிராபிக்ஸ் எப்படி, எத்தனை மணி நேரம் ஓடும், அதை மட்டும் சொல்லு, கதை, குடும்பம், அரசியல் எல்லாம் எதுக்கு" என்கிறார்கள். 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' வந்தது. டொரன்டோவிலிருந்து விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம்; அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். வெண்பாவுக்கு அவளுடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் மங்கியும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழாயில் எதற்கு மேல் எதைப் போடுவது என்று நாம்தான் ஊகித்துச் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கிராபிக்ஸும் மணிக்கணக்கும் மட்டும் அளவுகோல் என்றால் இது வாங்கத் தகாத கேம். அப்படிப் பார்க்காத விமர்சகர்கள் இருந்ததால்தான் தமிழ் வீட்டு அடுப்படி எங்கெங்கோ உள்ள கன்சோல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2024-ல் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் கேம் விருதையும், சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலையாய விருதையும் வெண்பா வென்றது.

ஆனால் அந்த விமர்சனங்களில் மிகப் பெரும்பாலானவை, புட்டுக் குழாயை வாழ்நாளில் தொட்டிராதவர்கள் எழுதியவை. அம்மா தமிழில் பேச, மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் அந்த உணவு மேசையை அவர்கள் பரிவோடு எழுதினார்கள். அந்த வீட்டிலிருந்தே வந்த ஒருவர் எழுதியிருந்தால் இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். எந்த இடம் அப்படியே நம் வீடு, எந்த இடம் கொஞ்சம் மிகை என்று சொல்ல நம்மை விட்டால் யார்?

அடுத்த பெரிய கேமை வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: விமர்சனம் வெளியீட்டுக்கு முன் வந்ததா, எந்தக் கருவியில் விளையாடினார்கள், முழுதாக முடித்தார்களா. இந்த மூன்றையும் சொல்லாத விமர்சனத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். சொல்லும் விமர்சனத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். கேமை முடித்த பிறகு, உங்களுக்கு எழுத வருமானால், ஸ்கோர் போடாமல் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்.