பெயரின் பின்பாதி

சென்னைவாசிகள் 'மெட்ரோ வாட்டர்' என்று சுருக்கி அழைக்கும் நிறுவனத்தின் முழுப்பெயர் சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிறந்த அமைப்பு அது. அதன் பெயரில் முன்பாதியை மட்டும் நாம் நாவில் வைத்துக்கொண்டு பின்பாதியை உதிர்த்துவிட்டோம். நீண்ட பெயர்கள் பேச்சில் தேய்வது இயல்புதானே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இயல்புதான். ஆனால் எது தேய்கிறது, எது எஞ்சுகிறது என்பதில் ஒரு சமூகத்தின் மனம் வெளிப்பட்டுவிடுகிறது என்பதை மொழியோடு புழங்கும் நமக்கு வேறொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நகரத்தின் நீர்த்துறைக்குத் தலைமை ஏற்பவரை எதைக்கொண்டு மதிப்பிடுவது? இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான். எங்கள் விடையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவர் எவ்வளவு நீரைக் கொண்டுவந்தார் என்பது இரண்டாம் கேள்வி. அவர் காலத்தில் ஒரு மனிதரேனும் பாதாளச் சாக்கடைக்குள் இறங்க நேர்ந்ததா என்பதே முதற்கேள்வி.

இன்றைய அளவுகோல் இதற்கு நேர்மாறானது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளின் நீர்மட்டம் நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. கோடை வந்தால் நாளிதழ்களில் அதை முதலில் தேடுகிறோம். சென்னையின் நீர் வரலாறு என்பதே புதிய நீராதாரங்களின் வரலாறாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1983இல் ஒப்பந்தமாகி 1996இல் வந்த கிருஷ்ணா நீர்; பல்லாண்டுகள் சாலையோரங்களில் குழாய்களாகக் கிடந்துவிட்டு 2004இல் நிறைவேறிய வீராணம்; 2010இல் மீஞ்சூர், 2013இல் நெம்மேலி எனக் கடல்நீரைக் குடிநீராக்கிய நிலையங்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த நீரை வில்லிவாக்கத்தில் அமைச்சரே வரவேற்றார். அந்தக் கோடையின் தவிப்பை நாம் மறக்கவில்லை. நீரைக் கொண்டுவந்தவர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதும் எங்கள் நோக்கமன்று. கழிவுநீர்க் குழாயில் ஓர் அடைப்பு நீங்கியதற்கு எந்த அமைச்சராவது வந்து நின்றதுண்டா என்று மட்டுமே கேட்கிறோம்.

வீட்டுக்குள் வரும் நீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது இந்தியப் பொறியாளர்கள் வடிவமைப்புக்குக் கைக்கொள்ளும் கணக்கு. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாம் நிலையம் திறக்கப்பட்டது. அப்படியானால் அன்று நாளொன்றுக்கு 12 கோடி லிட்டர் கழிவுநீரும் திறந்துவைக்கப்பட்டது என்றுதான் பொருள். கல்வெட்டில் இரண்டாம் எண்ணைப் பொறிப்பவர் யாருமில்லை. பழைய குழாய்களே அதையும் தாங்க வேண்டும். தாங்காமல் அடைத்துக்கொண்டால் யாரோ ஒருவர் மூடியைத் திறக்க வேண்டும்.

உதிர்த்த பின்பாதி நம்மை விட்டுவிடுவதுமில்லை. குடிநீர்க் குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தம் இருந்தால் கசிவு உள்ளிருந்து வெளியே போகும். ஒரு மணி நேரம் விட்டுவிட்டு அடைத்தால், வெறுமையான குழாய் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை விரிசல் வழியே உள்ளே உறிஞ்சும். அருகில் சாக்கடைக் குழாய் கசிந்துகொண்டிருந்தால் உறிஞ்சப்படுவது எதுவென்று விளக்க வேண்டியதில்லை. நாம் பெயரிலிருந்து நீக்கியது நம் செம்புக்குள் வந்து சேர்கிறது.

திறமையான தலைமை என்று பேச்செடுத்தால் நீர்த்துறையினர் உலகெங்கும் சுட்டிக்காட்டும் ஒருவர் உண்டு. கம்போடியாவின் நாம்பென் நகரக் குடிநீர் ஆணையத்தை 1993இல் ஏற்று 2012 வரை நடத்திய ஏக் சொன் சான். போர் தின்று துப்பிய நகரம் அது. அவர் வந்தபோது அனுப்பிய நீரில் நூற்றுக்கு 72 பங்கு கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்தது. அதை ஆறு பங்களவுக்குக் குறைத்தார். மீட்டர் பொருத்தச் சென்றபோது ராணுவ உயரதிகாரி ஒருவர் தம்மீது துப்பாக்கி நீட்டியதை அவரே சொல்லியிருக்கிறார். பணம் கட்டாத பெரிய மனிதர்களின் இணைப்பைத் துண்டித்தார், ஏழைகளின் வீட்டுக்குக் குழாய் கொடுத்தார், நாள் முழுவதும் நீர் வரச் செய்தார். 2006இல் அவருக்கு மகசேசே விருதும், 2010இல் ஆணையத்துக்கு ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருதும் கிடைத்தன. தகுதியான விருதுகள்தாம்.

ஆனால் அதே ஆண்டுகளில் அந்நகரின் கழிவுநீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே தெற்குப்புறச் சதுப்பு ஏரிகளுக்குப் போயிற்று. நகரம் உண்ணும் கீரை அந்த ஏரிகளில்தான் பயிராயிற்று. இது ஏக் சொன் சானின் குற்றமன்று. கழிவுநீர் அவர் ஆணையத்தின் பொறுப்பில் இல்லை. எங்கள் வாதம் அங்கேதான் நிற்கிறது. உலகம் மிகச் சிறந்த நீர்த்தலைமை என்று கொண்டாடிய ஒன்றிலும் பாதி வேலை அட்டவணைக்கு வெளியே இருந்தது, விருது கொடுத்தவர்களும் அந்தப் பாதியைக் கேட்கவில்லை. சென்னையில் இரண்டு பாதியும் ஒரே நாற்காலியின் கீழ் இருக்கின்றன. நமக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை.

மூடியைத் திறந்தால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடும்போது முகரும் நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று இறங்கியவர் நம்பும் கணம் அது. இன்னும் கூடினால் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பும். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்திகளில் வருவதன் காரணம் இதுதான். அவர்கள் எந்தச் சாதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதை அச்செய்திகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. எழுதாமலே நமக்குத் தெரியும்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதர் இறங்கிச் சுத்தம் செய்வதைத் தடைசெய்து, தலைமை அதிகாரிகளே பிரமாணப் பத்திரம் அளிக்க வேண்டும் என்றது. இத்தனைக்குப் பிறகும், இம்மரணங்கள் பற்றி மத்திய அரசு வெளியிட்ட மாநிலப் பட்டியல்களில் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றதுண்டு. சமூகநீதியின் மண் என்று பெருமை பேசும் நாம் இந்த முதலிடத்தை எந்த மேடையில் சொல்லப்போகிறோம்?

சில மறுப்புகளை எதிர்பார்க்கிறோம். குறுகிய தெருக்களில் இயந்திரம் நுழையாது என்பது ஒன்று. ஹைதராபாதின் குடிநீர், கழிவுநீர் வாரியம் 2017இல் சந்துகளுக்கென்றே எழுபது சிறு இயந்திர வண்டிகளை இறக்கியது. அவற்றைத் தலித் தொழில்முனைவோரே உடைமையாக வைத்து இயக்க வழி செய்தது. தெரு அன்றும் குறுகியதுதான்; தலைமை வேறாக இருந்தது. அந்த வழியைப் பின்னர் சென்னையும் கையிலெடுத்திருப்பதை வரவேற்கிறோம்.

பணமில்லை என்பது இன்னொன்று. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை மிக உயர்ந்த தரத்துக்குச் சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்கும் நிலையங்கள் 2019இல் வந்தன. நல்ல திட்டங்கள். கழிவுநீர் விலைபோகும் பொருளானதும் தொழில்நுட்பமும் முதலீடும் தாமே வந்து நிற்கின்றன. அடைப்பை எடுக்கும் கைக்கு மட்டும் ஏன் நிதிநிலை இடம்தரவில்லை?

மூன்றாம் மறுப்பு நம் நண்பர்களிடமிருந்தே வரும். சாதியல்லவா வேர், ஓர் அதிகாரி என்ன செய்துவிட முடியும்? சாதிதான் வேர். ஆனால் சாதி ஆளைக் கொண்டுவந்து குழியருகே நிறுத்துகிறது. மூடியைத் திறக்கச் சொல்வது ஒரு பணியாணை. ஒப்பந்ததாரரின் ஆள், எங்கள் ஊழியர் அல்லர் என்று கைகழுவுவது ஒரு கையொப்பம். சாதியை ஒழிக்கும் வல்லமை ஒரு நிர்வாக இயக்குநருக்கு இல்லாதிருக்கலாம். அந்தக் கையொப்பத்தை இட மறுக்கும் வல்லமை அவருக்கு உண்டு.

இலக்கிய வாசகர்களாகிய நாமும் தப்பிக்க முடியாது. அசோகமித்திரனின் 'தண்ணீ'ரை நாம் மீண்டும் மீண்டும் வாசித்துப் பேசியிருக்கிறோம். பேச வேண்டிய நாவல். தகழியின் 'தோட்டியின் மகன்' சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நம் கைக்கு வந்தும், அதை மொழிபெயர்ப்பின் அழகுக்காகவே அதிகம் நினைவுகூர்கிறோம். நகராட்சித் தலைவரையும் ஓவர்சியரையும் குழியின் அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்த நாவல் அது என்பதை மறந்துவிடுகிறோம். நம் வாசிப்பிலும் முன்பாதியே ஒளிர்கிறது.

2023ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, 'மேன்ஹோல்' இனி 'மெஷின்ஹோல்' ஆக வேண்டும் என்றது. நல்ல சொல்தான். சொல்லை மாற்றிவிட்டு மனிதரை இறக்கினால் அது வெறும் சொல்.

ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. நாள்தோறும் வெளியாகும் அந்த ஏரி நீர்மட்டப் பட்டியலின் அடியில் இன்னும் ஒரு வரி சேர்க்கப்படட்டும்: இந்நகரில் சாக்கடைக்குள் மனிதர் இறங்காமல் கழிந்த நாட்கள் இத்தனை. ஒப்பந்தத் தொழிலாளர் இறங்கினாலும், தனியார் வீட்டுத் தொட்டியில் இறங்கினாலும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பட்டும். கழிவுநீர்க் குழாய் எட்டாத இடத்தில்தானே தொட்டி இருக்கிறது. துறைத் தலைவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் அவர் விட்டுச்செல்லும் எண் எதுவோ, அதுவே அவருடைய பணிச்சான்றாகட்டும். ஏரி நிரம்பியதா என்று பார்க்கும் கண்கள் அடுத்த வரிக்கும் இறங்கட்டும்.