கலியாணத்தை எங்கே வைப்பது?



கலியாணம் முற்றாகிவிட்டால் எங்கள் ஊர்களில் எழும் அடுத்த கேள்வி இதுதான். குச்சவெளிப் பக்கம் நான் பணிக்காகச் செல்லும் மாதர் சங்கத்தில், அண்மையில் ஒரு சோடி இந்தக் கேள்வியோடு அலைந்தது. பெண் முன்பள்ளி ஆசிரியை. பையன் கடற்றொழிலாளி. பெண்ணின் தகப்பன் யுத்தத்தில் இறந்துபோனார். தாய் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர்.

திருகோணமலை நகரில் மண்டபம் எடுக்கலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். குச்சவெளியிலிருந்து நகர் ஏறத்தாழ 35 கிலோமீற்றர். மண்டப வாடகையோடு பஸ் வாடகையும் சேர்ந்துவிடும். நிலாவெளி ஹோட்டல்களில் விசாரித்தார்கள். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் உல்லாசப் பயணிகள் அதிகம் வருவார்கள். ஆவணி முகூர்த்தமும் அதற்குள்ளேதான் விழுகிறது. விலை கட்டுப்படியாகவில்லை. மாரியில் வைத்தால் மலிவு. ஆனால் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் பையனுக்கு உழைப்பு இல்லை.

“குழுக்கடன் எடுப்பம்” என்றார் தாய். நான் வேண்டாம் என்றேன். வாரக் கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பது உங்களுக்குத் தெரியும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சிறு கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வர வேண்டிய நிலை வந்தது. ஒருநாள் மண்டபத்துக்காக வருடக்கணக்கில் தவணை கட்டுவதா?

கோயிலில் வைக்கலாம் என்றதும் செலவு குறைந்தது. ஆனால் வேறொரு கதை எழும்பியது. “தாரை வார்க்கத் தாய் முன்னுக்கு வரக்கூடாது, மாமனையும் மாமியையும் நிற்பாட்டுங்கோ” என்றார்கள் உறவினர் சிலர். தாயும், “நான் குசினிப் பக்கம் நிக்கிறன், பிள்ளை நல்லாயிருந்தாப் போதும்” என்றுவிட்டார். மகள்தான், “அம்மா நிக்க ஏலாத இடத்தில எனக்குக் கலியாணம் வேண்டாம்” என்று அழுதாள்.

சகோதரிகளே, கணவனைப் பறித்தது யுத்தம். அதற்காகப் பெண்ணை அபசகுனம் என்று ஒதுக்கி வைப்பது நாங்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் தனியே குடும்பம் தாங்கும் எங்கள் கிராமங்களில், அவர்களையெல்லாம் குசினிக்கு அனுப்பிவிட்டால் பந்தலில் யார் மிஞ்சுவார்? தமிழ்நாட்டில் 1967இல், உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் திருமணம் செல்லும் என்று சட்டமே நிறைவேற்றினார்கள். மனிதர் வகுத்த முறையை மனிதரே மாற்றலாம்.

கடைசியில் மாப்பிள்ளைப் பையனே ஐயரிடம் போய்க் கேட்டான். “தாயார் நிற்கக் கூடாதென்று நான் எங்கே சொன்னேன்?” என்றாராம் அவர். அதுவரை ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

பெண் வீட்டு வளவிலேயே பந்தல் போட்டார்கள். கிடாரமும் கதிரையும் மாதர் சங்கம் கொடுத்தது. அயலிலுள்ள முஸ்லிம் சகோதரிகள் தறப்பாளும் பாயும் இரவல் தந்தார்கள். தாயும் அவரது தமையனும் சேர்ந்து நின்று தாரை வார்த்தார்கள். முணுமுணுத்த இருவரும் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

உங்கள் வீட்டிலும் கலியாணம் வருகிறதா? முதலில் கையிலுள்ள காசை எழுதுங்கள், பிறகு இடம் தேடுங்கள். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தடையென்று யாராவது சொன்னால், சொல்ல உரியவரிடமே நேரில் கேளுங்கள்.

எங்கே வைத்தாலும் பதிவை மறக்கவேண்டாம். பதிவாளர் உங்கள் வீட்டுக்கோ மண்டபத்துக்கோ வரவேண்டுமானால் அதற்கு வேறாக அனுமதி எடுக்க வேண்டும். ஆகவே நாள் குறித்தவுடனேயே அவரைச் சந்தியுங்கள். இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இடம்பெயர்வுக்குள் தாலி மட்டும் கட்டி, பதியாமல் வாழ்ந்து, கணவனை இழந்தபின் நட்டஈட்டுக்கும் காணிக்கும் தான் மனைவிதான் என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். பந்தல் மறுநாள் பிரிந்துவிடும். விவாகப் பதிவுத் துண்டுதான் உங்கள் மகளின் கையில் இருக்கும்.