இரண்டு கடன், இரண்டு கணக்கு

மின்சாரக் காருக்குக் கடன் கேட்டு வருவோரில் சிலர், “மாடியில் சோலார் தகடும் பொருத்திவிட்டால் காருக்கு எரிபொருள் செலவே இராது அல்லவா?” என்று வினவுகின்றனர். இரண்டு கடன்களையும் ஒன்றாகப் பெற விழைகின்றனர். எண்ணம் நல்லதே, ஆயினும் கையொப்பமிடுமுன் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

மாதம் 1,000 கி.மீ. ஓடும் காரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் காருக்கு ஏறத்தாழ 67 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் செலவு 6,700 ரூபாய். மின்சாரக் கார் யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடினால் 167 யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் எனில் ஏறத்தாழ 1,340 ரூபாய். ஆக, 5,360 ரூபாய் மிச்சமாவது பெட்ரோலைக் கைவிட்டதனால், சூரியனால் அன்று. தகடுகள் காருக்காக மேலும் மிச்சப்படுத்தக்கூடியது அந்த 1,340 ரூபாயை மட்டுமே.

நேரமும் ஒரு தடை. வெயில் காயும்போது பலருடைய கார் அலுவலகத்தில் நிற்கிறது. வீடு திரும்பும்போது சூரியன் மறைந்துவிடுகிறது. இக்குறையை நீக்குவது ‘நெட் மீட்டரிங்’ முறை. பகலில் மின் விநியோக நிறுவனத்துக்கு அளித்த மின்சாரத்தை இரவில் திரும்பப் பெறுகிறோம். சேமிப்புக் கணக்கு போன்றதே. ஆனால் அளித்த யூனிட்டுக்கு ஈடாக யூனிட் கிடைக்குமா, அல்லது குறைந்த விலைதான் கிடைக்குமா என்பது மாநில விதிகளைப் பொறுத்தது. இதனை முன்னரே கேட்டறிக.

3 கிலோவாட் அமைப்பு மாதம் சராசரியாக 360 யூனிட் தரும். கார் அதில் பாதிக்கும் குறைவாகவே கொள்ளும்; எஞ்சியது வீட்டுக்கு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் உண்டு. நிழல் விழாத ஏறத்தாழ 300 சதுர அடி மாடிப்பரப்பு வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி பொதுவானது. ஏனைய உரிமையாளர்களின் இசைவும் தேவை.

ஆகவே என் கருத்து இது: தகட்டுக்கான தவணையை மின்கட்டண மிச்சம் தாங்க வேண்டும், காரின் கூடுதல் விலைக்கான தவணையைப் பெட்ரோல் மிச்சம் தாங்க வேண்டும். ஒரே மிச்சத்தை இரண்டு கடன்களுக்கும் காட்டினால், குடும்ப வரவுசெலவில் துண்டு விழும். சூரிய ஒளி இலவசம், தகடு இலவசமன்று.

கிளைக்கு வரும்போது ஓராண்டு மின்கட்டண ரசீதுகளையும், மாதந்தோறும் கார் ஓடும் தொலைவையும் குறித்துக்கொண்டு வாருங்கள். கடன் தொகையை முடிவு செய்வது அதன் பின்னரே நடக்கட்டும்.