தீராத நோயும் சர்க்கார் சட்டமும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உளது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்புமின்றி மும்மூர்த்திகளுக்கு மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயிலைக் காண அங்கே பலர் செல்கின்றனர். அதே ஜில்லாவில், செஞ்சிக்கு அருகேயுள்ள திருநாதர்குன்றைக் கண்டவர் சிலரே. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பெற்ற அக்குன்றில், சந்திரநந்தி என்னும் ஜைன ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் முன்னோர் அதனைக் குற்றமென்று மறைக்கவில்லை. கல்லில் வெட்டிப் போற்றினர்.

துறவியின் விரதமும் நோயாளியின் வேண்டுகோளும் ஒன்றென்று நாம் கூற வரவில்லை. சல்லேகனை தற்கொலையன்று என்பது ஜைனர்களின் சித்தாந்தம். 2015-ஆம் வருஷம் ராஜஸ்தான் ஹைக்கோர்ட் அதனைக் குற்றமென்று தீர்ப்பளித்தபோது, அதே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 1982-இல் ஆசாரிய வினோபா பாவே உணவும் மருந்தும் மறுத்து உடல் நீத்தபோது தேசம் கைகூப்பி நின்றது. மரணத்தை அறிந்து ஏற்பது நம் நாட்டுக்குப் புதிய சரக்கன்று என்பதற்கே இவற்றைக் குறிப்பிட்டோம்.

இன்றைய சட்டம் யாது? பம்பாயில் 1973-இல் கொடுமைக்குள்ளாகி, 42 ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்து 2015-இல் காலமான அருணா ஷான்பாக் என்னும் நர்ஸின் வழக்கில், 2011-இல் சுப்ரீம் கோர்ட் முதன்முதலாகச் சிறிது கதவு திறந்தது. 2018 மார்ச் 9-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள், கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தனர். பயனற்ற சிகிச்சை தமக்கு வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மருத்துவர் குழு இசைந்தால் இயந்திரத்தை நிறுத்தலாம். 2023-இல் இதன் நடைமுறையும் எளிதாக்கப்பட்டது.

நல்ல தீர்ப்பே. ஆயினும் நிறுத்துவதற்கு இயந்திரமே இல்லாதவன் கதி என்ன? புற்றுநோய் எலும்புவரை பரவி, ஆஸ்பத்திரி கைவிரித்து அனுப்ப, குடிசைத் திண்ணையில் கிடந்து துடிக்கும் கூலித் தொழிலாளிக்கு இத்தீர்ப்பினால் ஆவதொன்றுமில்லை. தெளிந்த அறிவுடன் அவன் விடுதலை வேண்டினாலும், இரங்கி உதவும் வைத்தியருக்குப் பாரதிய நியாய சங்கிதையின் 108-ஆம் பிரிவு பத்தாண்டுவரை சிறைத் தண்டனை விதிக்கிறது. வாளாவிருந்து சாகவிடுவது தர்மம், வேண்டியவனுக்கு உதவுவது குற்றம் என்னும் இப்பாகுபாடு நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

அஹிம்சைக்கு இது முரண் என்று சிலர் ஆட்சேபிப்பர். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியின்றித் துன்புற்ற கன்றுக்கு ஊசியின்மூலம் மரணமளிக்கக் காந்தியடிகள் இசைந்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தும் அவர் பின்வாங்கவில்லை. வேறு பரிகாரமேயில்லாத நிலையில், தம் சொந்தக் குழந்தைக்கும் அதுவே கடமையாகக்கூடும் என்றும் எழுதினார். துன்பத்தை நீட்டிப்பதும் ஹிம்சையே என்பது அவர் கண்ட உண்மை.

இரண்டாவது ஆட்சேபம் வலிமையுடையது. தென் ஜில்லாக்களில் தலைக்கூத்தல் என்னும் பெயரால் முதியவர்களுக்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் ஊட்டி, உயிர் போக்கும் கொடிய வழக்கம் இருந்து வருவதை நாம் அறிவோம். சட்டம் இடங்கொடுத்தால் சொத்துக்குக் காத்திருக்கும் உறவினர் துணிவர் என்ற அச்சம் பொய்யன்று. ஆனால் தலைக்கூத்தல் இருளில் நடப்பது. முதியவரின் சம்மதத்தை அங்கே எவரும் கேட்பதில்லை. நாம் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. நோயாளியே தம் வாயால், இடைவெளி விட்டு இருமுறை கேட்க வேண்டும். தொடர்பற்ற இரு வைத்தியர்கள் நோய் தீராதென்று உறுதி கூற வேண்டும். சொத்தில் பங்குடையோர் சாட்சியாகவும் நிற்கலாகாது. மாஜிஸ்திரேட் தனிமையில் விசாரிக்க வேண்டும். கடனால் நொந்தவரும் மனம் சோர்ந்தவரும் இதில் சேரார். அவர்களைத் தேற்றி வாழ வைப்பதே சமூகத்தின் கடமை. நெதர்லாந்தில் 2002 முதலும் கானடாவில் 2016 முதலும் இத்தகைய சட்டம் இருக்கிறது. அவர்கள் கண்ட நன்மையையும் செய்த பிழையையும் ஆராய்ந்து நமக்கேற்றதை நாமே வகுக்கலாம்.

மற்றொன்றையும் வற்புறுத்துகிறோம். வலி தணிக்க வழியின்றிச் சாவைக் கேட்பவனின் சம்மதம் உண்மையான சம்மதமாகாது. மார்பீன் என்னும் மருந்து புற்றுநோயின் வலியைப் பெரும்பாலும் அடக்கவல்லது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் அது நோயாளிக்கு எட்டாக் கனியாயிற்று. 2014-இல் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. நம் மாகாணத்தில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் வலிதணிப்புச் சிகிச்சையும் அடங்கும். அது ஒவ்வொரு கிராமத்திற்கும் குறைவின்றி எட்ட வேண்டும். முதலில் மருந்து, அதன் பின்னும் துன்பம் தீராதவனுக்கே விடுதலை. இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்கிறோம்.

நீதிபதிகள் தம்மால் இயன்றவரை வழி காட்டிவிட்டனர். எஞ்சியது பார்லிமெண்டின் வேலை. அங்கத்தினர்கள் தத்தம் தொகுதியில் ஒரு குடிசைத் திண்ணையில் ஓர் இரவு அமர்ந்து, நோயாளியின் முனகலைக் கேட்டுவிட்டுப் பின்பு டில்லிக்குச் செல்லட்டும். தேசத் தொண்டர்கள் அவர்களை அங்கே அழைத்துச் செல்வார்களாக.