வீட்டில் ஒலிக்கட்டும் செபம்

ஆசிரியருக்கு,

பிள்ளைகளின் முதல் மறைக்கல்விக்கூடம் வீடுதான் என்ற சென்ற வாரக் கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன். 1888 முதல் தமிழர் கூடும் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்திற்கு ஞாயிறுதோறும் போகிறோம். ஆனாலும் என் பேரனுக்கு ஆங்கிலச் செபங்கள் மட்டுமே தெரியும். வீட்டுச் செபமாலையில் வாய் திறக்கமாட்டான். இரவு உணவுக்குப் பின் தினமும் ஒரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். மூன்றே மாதத்தில் எனக்கு அடியெடுத்துக் கொடுக்கிறான்!

1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூல் 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட மறைக்கல்விச் சிறுநூல்தான். வேலைக்கு ஓடும் இளம் பெற்றோருக்கு இன்று தேவையும் அத்தகைய எளிய துணையே. வாரம் ஒரு செபம், ஒரு விவிலியக் கதை, இரண்டு கேள்விகள் என ஒற்றைத் தாளாக ஆலயங்கள் தரலாம். ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

ஒரு பாட்டி,
தேக்கா, சிங்கப்பூர்