பிள்ளைகளுக்கு ‘இது போதும்’: ஏழு ரிங்கிட் கித்தார் கம்பியை முன்வைத்து



“சின்னப் பிள்ளைகள்தானே சார், இது போதும்.”

தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எவரும் இவ்வாக்கியத்தைக் கேட்காமல் ஓராண்டைக் கடந்திருக்க மாட்டார். நூலகத்திற்குப் புத்தகம் வாங்கும்போது கேட்கலாம். கணினி அறைக்கு நாற்காலி வாங்கும்போதும் கேட்கலாம். அண்மையில் நான் அதனைக் கேட்டது கித்தார் கம்பிகளின் பொருட்டு. எங்கள் பள்ளி இசை மன்றத்தில் நைலான் கம்பிக் கித்தார்கள் 12 உள்ளன. அவற்றுக்குப் புதுக்கம்பி மாற்றுவதற்காக, தொகுப்பு ஒன்று 28 ரிங்கிட் வீதம் 336 ரிங்கிட் கேட்டிருந்தேன். உடனே நண்பர் ஒருவர் கைப்பேசியைத் திறந்து, இணைய அங்காடியில் ஆறு கம்பிகள் கொண்ட தொகுப்பு ஏழு ரிங்கிட்டுக்கு விற்கப்படுவதைக் காட்டினார். 84 ரிங்கிட்டில் முடிகிற காரியத்திற்கு 336 ரிங்கிட்டா? கூட்டத்தில் அமர்ந்திருந்த அனைவரும் தலையாட்டினர்.

கணக்கு என்னவோ சரிதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். அதனால்தான் இதனை எழுத வேண்டியிருக்கிறது.

அன்று அந்த ஏழு ரிங்கிட் தொகுப்புகளை வாங்கியவன் நானே. மிச்சப்படுத்திய பணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளரிடம் பெருமையோடு சொன்னவனும் நானே. ஆசிரியர் தின நிகழ்ச்சிக்காகப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்த வேளை அது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். விரல் வைக்காமல் மீட்டும்போது அவளுடைய கித்தார் மற்றவற்றோடு இணைந்தே ஒலிக்கும். மூன்றாம் கம்பியில் மேலேறி விரல் வைத்தால் மட்டும் சுரம் சற்றே உயர்ந்து பிசிறடிக்கும். பத்து முறையாவது திருத்தியிருப்பேன். “சார், நான் சரியாத்தான் அழுத்துறேன்” என்றாள். “காது கொடுத்துக் கேட்டால்தானே தெரியும்” என்று மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் சொன்னேன். மறுவாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. பூப்பந்துக் குழுவுக்கு மாறிவிட்டாள் என்று பின்னர் அறிந்தேன்.

பள்ளி விடுமுறையில், வேறொரு காரணத்திற்காக, அதே கித்தாரை எடுத்து டியூனரைப் பொருத்திப் பார்த்தேன். இச்சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். கித்தாரின் 12ஆவது ஃப்ரெட் கம்பியைச் சரிபாதியாகப் பிரிக்கும் இடம். அங்கே கம்பியைத் தொட்டும் தொடாமலும் விரல் வைத்து மீட்டினால் ஓர் ஒலி எழும். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுரமாக இருத்தல் வேண்டும். அந்த மூன்றாம் கம்பியில் அழுத்திய சுரம், டியூனரின் முள் ஓடிப் போகும் அளவுக்கு உயர்ந்திருந்தது. என் வீட்டில் இருந்த வேறொரு தொகுப்பிலிருந்து மூன்றாம் கம்பியை மட்டும் எடுத்து மாட்டி, அது இழுபட்டு நிலைகொள்ள இரண்டு நாள் விட்டுவிட்டு மீண்டும் சோதித்தேன். கித்தார் அதுவே, ஃப்ரெட்டும் அதுவே. முள் நடுவில் நின்றது. அன்று மாலையே மற்றப் பதினொன்றையும் சோதித்தேன். மேலும் நான்கு கித்தார்களில் மூன்றாம் கம்பி தேறவில்லை.

அந்தப் பிள்ளையின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

ஏன் இப்படி? ஒரு கம்பியின் சுரத்தை நிர்ணயிப்பவை அதன் நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றும்தான். ஒரு முனை சற்றுத் தடித்தும் மறுமுனை சற்று மெலிந்தும் இருந்தால், பாதிக் கம்பி முழுக்கம்பியின் சரியான மேல்சுரத்தைத் தராது. எவ்வளவு சுருதி கூட்டினாலும் ஓரிடத்தில் சேரும், வேறோரிடத்தில் விலகும். நைலான் கித்தாரில் மூன்றாம் கம்பிதான் உறையில்லாத மூன்றனுள் தடித்தது. எனவே குறை அங்கேதான் முதலில் செவிக்குப் புலப்படும்.

1940கள் வரை இக்கித்தார்களின் உறையில்லாத கம்பிகளுக்கு விலங்குக் குடலில் திரித்த நரம்புகளே பயன்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவை கிடைப்பது அரிதானது. நியூயார்க்கில் இருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழையைக் கொண்டு கம்பி செய்தார். புகழ்பெற்ற கித்தார் கலைஞர் செகோவியா அதனை ஏற்று வாசித்தார். குடல் நரம்பைப் போலவே நைலான் இழையையும் அளந்து, தேறாததை ஒதுக்க வேண்டும். டடாரியோ நிறுவனம் தன் ‘புரோ ஆர்ட்டே’ வகையின் மெல்லிய கம்பிகளை லேசர் ஒளியால் அளந்து தரம்பிரிக்கிறது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வண்ண உறைக்கு மட்டுமன்று; அந்த ஒதுக்குதலுக்கும் சேர்த்துத்தான். நான் கேட்ட 28 ரிங்கிட் தொகுப்பு அந்த உயர்வகையும் அன்று. அதே நிறுவனம் பயிலும் மாணவர்களுக்கென்றே செய்யும் எளிய வகை. அடுத்த ஆண்டில் அதனைத்தான் வாங்கி மாட்டினேன். 12 கித்தார்களிலும் இச்சோதனை தேறியது.

இதெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடித்த நுணுக்கம் என்று எண்ண வேண்டா. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப்போட்டிக்கு வரும் சீவகன் முதலில் என்ன செய்கிறான்? கொடுத்த யாழை வாங்கி உடனே வாசித்துவிடவில்லை. மரத்தின் குற்றத்தைச் சொல்லி ஒதுக்குகிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே மயிர் இருப்பதைக் காட்டுகிறான். நரம்பின் குற்றங்களுக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று பெயரிட்டு வைத்த மரபு நம்முடையது. அம்மரபைக் கற்பிக்கும் பள்ளியில்தான் ‘இது போதும்’ என்கிறோம்!

“எல்லாம் ஒரே ஆலையில்தான் செய்யப்படுகின்றன, பெயர்தான் வேறு” என்றார் நண்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. சொந்தத் தொழிற்சாலை இல்லாமல் பெயரை மட்டும் அச்சிட்டு விற்கும் வணிகச் சின்னங்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால், ஒரே ஆலையில் இருந்து வந்தது என்பதனால் ஒரே சோதனையைக் கடந்து வந்தது என்று ஆகிவிடாது. “திறமைசாலி எதிலும் வாசிப்பான்” என்றார் இன்னொருவர். ஆம், திறமைசாலி வாசிப்பான். கம்பி விலகும் இடத்தை அறிந்து விரலைச் சற்று நகர்த்திக்கொள்வான். பத்து வயதுப் பிள்ளை அவ்வாறு செய்யுமா? குறையுள்ள கருவியைக் கையாளும் ஆற்றல் தேர்ந்தவனுக்கே உண்டு. நாமோ அதனைத் தொடக்கநிலைப் பிள்ளையின் கையில் கொடுத்து, பழியையும் அப்பிள்ளையின் மீதே போடுகிறோம்.

இன்னோர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். மலிவாகக் கிடைக்கிறதென்று நைலான் கித்தாருக்கு எஃகுக் கம்பியை வாங்கி மாட்டிவிடுவோரும் உளர். எஃகுக் கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ இரு மடங்கு. பலகையில் ஒட்டியுள்ள கம்பித் தாங்கி பெயர்ந்து வந்துவிடும்.

அதற்காக விலை உயர்ந்தது எல்லாம் நல்லது என்று நான் வாதிடவில்லை. என் வீட்டு எஃகுக் கம்பிக் கித்தாருக்குக் கம்பி வாங்கச் சென்றால், கடைக்காரத் தம்பி 70 ரிங்கிட் எலிக்சர் தொகுப்பைத்தான் முதலில் நீட்டுவார். மழையங்கிகளுக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த மெல்லிய பூச்சு கொண்ட கம்பி அது. வியர்வையில் எளிதில் மங்காது. நாள்தோறும் வாசிப்பவருக்கு, அதிலும் நம் நாட்டுப் புழுக்கத்தில், அது கட்டுப்படியாகும். வாரம் ஒருமுறை உறையிலிருந்து எடுப்பவருக்கு எதற்கு? 30 ரிங்கிட் கம்பியை வாங்கி, வாசித்து முடித்ததும் ஒரு துணியால் துடைத்து வைத்தால் போதும். பள்ளிக் கித்தார்களில் முதலில் தேய்ந்து அறுவது பெரும்பாலும் நான்காம் கம்பி. அதனை மட்டும் தனிக்கம்பியாக வாங்கி மாற்றலாம். மற்றவை ஓராண்டு தாங்கும். மிச்சம் பிடிக்க விரும்புவோர் இப்படிப் பிடிக்கலாமே!

இரண்டு கணக்குக்கும் உள்ள வேறுபாடு 252 ரிங்கிட். பிள்ளைகள் 12 பேர். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 21 ரிங்கிட். இத்தொகைக்குத்தான் அன்று அரைமணி நேரம் வாதிட்டோம். அதே கூட்டத்தில், பரிசளிப்பு விழா மேடைக்குப் பலூன் வளைவு அமைக்க 400 ரிங்கிட் ஒதுக்கினோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மறுப்பும் எழவில்லை. பலூன் வளைவைச் சிறப்பு விருந்தினர் பார்ப்பார். மூன்றாம் கம்பியை யார் பார்க்கப் போகிறார்கள்?

என் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. மூன்று விலைப்பட்டியல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கொண்டுபோவேன், டியூனரையும், அன்று கழற்றிய கம்பி மாட்டிய ஒரு கித்தாரையும் கூடவே கொண்டுபோவேன். 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்திக் காட்டுவதாக இருக்கிறேன்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் பயில்கிறாள். சிற்றுண்டிச்சாலை தினத்தன்று தம்பியை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். கம்பிதான் பழுது, அவள் காது அன்று என்று சொல்லி, என் தவற்றுக்கு வருந்துவதாகவும் சொன்னேன். சிரித்தாள்.

“நான்தான் அப்பவே சொன்னேனே சார்.”

மீண்டும் கித்தார் பழகலாமே என்றேன். மாவட்டப் பூப்பந்துப் போட்டிக்குப் பயிற்சி இருப்பதாகச் சொல்லிவிட்டு, தம்பிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள்.