முதலிடம் பிடித்தால்தான் பாட்டா?

பீட்டில்ஸ் குழு 1970இல் பிரிந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2000 நவம்பரில், ‘1’ என்ற பெயரில் அவர்களுடைய பாடல் தொகுப்பு வெளியானது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த 27 பாட்டுகள், ஒரே குறுந்தகட்டில். சண்டை சச்சரவுக்கு இடமில்லாத தேர்வுதான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

1967இல் வந்த ஓர் இசைத்தட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் ‘பென்னி லேன்’, மறுபக்கம் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. பிரிட்டனில் அந்தத் தட்டு இரண்டாமிடத்தோடு நின்றுவிட்டது. அமெரிக்காவிலோ பக்கங்களைத் தனித்தனியே கணக்கிட்டார்கள். முன்னது முதலிடம், பின்னது எட்டாமிடம். ஆகவே ஒரு பக்கம் தொகுப்பில் உண்டு, மறுபக்கம் இல்லை! அந்தக் குழு செய்த மிகத் துணிச்சலான வேலை அந்த மறுபக்கம்தான் என்பேன். ஜார்ஜ் ஹாரிசனுக்கும் ‘சம்திங்’ ஒன்றோடு சரி. ‘ஹியர் கம்ஸ் தி சன்’ அவ்விரு நாட்டிலும் தனித்தட்டாக வராததால் போட்டியிலேயே இல்லை.

என் மகனுக்கு பீட்டில்ஸ் என்றால் இந்த ஒரு தகடுதான். மற்றதெல்லாம் அவன் வரையில் பிறக்கவே இல்லை.

1973இல் வந்த நீலத் தொகுப்பில் நான் சொன்ன நான்கு பாட்டுகளும் உண்டு. அங்கே பாட்டைப் பார்த்திருக்கிறார்கள், பட்டியலை அல்ல. உங்கள் பிள்ளைகளுக்கு வாங்குவதானால் சிவப்பையும் நீலத்தையும் வாங்குங்கள். 2023இல் கூடுதல் பாட்டுகளோடு இரண்டும் மறுபடி வந்திருக்கின்றன.